ஆறு வாரக் களப்பணி, 200 வீடுகள், ஒரு பெரிய கேள்வி: உலக வளர்ச்சி ஆய்வேட்டைத் தொடங்குவது எப்படி?

கேள்வி இது: உலக வளர்ச்சி ஆய்வுகளில் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர், ‘பணப் பரிமாற்றத் திட்டங்கள் ஏழைப் பெண்களுக்கு அதிகாரம் தருகின்றனவா?’ என்று ஆய்வேடு எழுத நினைக்கிறார். முதல் பருவத்தில் கோட்பாடும் இரண்டாம் பருவத்தில் புள்ளியியலும் படித்தாயிற்று. பணப் பரிமாற்றத் திட்டங்கள் என்றால் ஏழை வீடுகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் திட்டங்கள். களத்தில் இருக்க ஆறு வாரம் கிடைக்கும். 200 வீடுகளில் சர்வே எடுத்தால் போதுமா?

போதாது. வீடுகளைக் கூட்டினாலும் போதாது. இந்தத் துறையில் பல பல்கலைக்கழகங்கள் கோட்பாட்டை ஒரு தாளாகவும் ஆய்வு முறையியலை இன்னொரு தாளாகவும் நடத்துகின்றன. இரண்டும் முதன்முதலாகச் சந்திப்பது ஆய்வேட்டில்தான். சந்திக்கும் இடம் அளவீடு. ‘அதிகாரம்’ என்ற சொல் எந்தக் கேள்வியாக மாறுகிறது, யாரிடம், யார் முன்னிலையில் கேட்கப்படுகிறது, என்ன எண்ணாகப் பதிவாகிறது என்பதில்தான் உங்கள் நேரத்தின் பெரும்பகுதி போக வேண்டும்.

கோட்பாட்டை வீணென்று சொல்லவில்லை. கிராமத்து உபரி உழைப்பு நகரத் தொழிலுக்கு நகர்வதை வளர்ச்சியாகக் கண்ட பொருளியலாளர் ஆர்தர் லூயிஸின் 1954 மாதிரி, மூலப்பொருள் விற்கும் நாடுகளின் வணிக விகிதம் (ஏற்றுமதி விலைக்கும் இறக்குமதி விலைக்கும் உள்ள விகிதம்) நாளடைவில் சரியும் என்று 1950-ஐ ஒட்டிப் பொருளியலாளர்கள் ப்ரெபிஷும் சிங்கரும் வைத்த வாதம், அதன் தொடர்ச்சியாக வந்த, பணக்கார நாடுகளைச் சார்ந்திருப்பதே ஏழை நாடுகள் பின்தங்கக் காரணம் என்னும் சார்புநிலைக் கோட்பாடு, 1990-களில் ‘வளர்ச்சி’ என்ற கருத்தையே கேள்விக்குள்ளாக்கிய விமர்சனங்கள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆய்வேட்டின் முதல் நாற்பது பக்கத்தை இந்த வரலாற்றால் நிரப்பாதீர்கள். உங்கள் தலைப்புக்கு நேரடியாகத் தேவைப்படுவது சமூகப் பொருளியலாளர் நைலா கபீர் 1999-இல் முன்வைத்த பிரிப்புதான்: வளங்கள், செயல்படும் திறன், அடைந்த விளைவுகள். கையில் பணம் இருப்பது வளம். அதை எதற்குச் செலவழிப்பது என்று தீர்மானித்து அதன்படி நடப்பது செயல்படும் திறன். மகள் பள்ளியில் தொடர்வது விளைவு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பும் ஆய்வேடுகள் நிறைய. பெண்ணின் கணக்கில் பணம் ஏறியது என்ற வளக் கணக்கைக் காட்டிவிட்டு, அதிகாரம் கூடியது என்று முடித்துவிடுகிறார்கள்.

அடுத்தது ‘தருகின்றனவா’ என்ற சொல். அது காரண விளைவுக் கேள்வி. பணம் வராமல் இருந்திருந்தால் அதே பெண்ணின் நிலை எப்படி இருந்திருக்கும் என்பதை ஏதோ ஒரு வகையில் நீங்கள் காட்டியாக வேண்டும். மெக்சிகோவில் 1997-இல் தொடங்கிய ப்ரோகிரேசா திட்டத்தின் மதிப்பீட்டில் 506 கிராமங்கள் இருந்தன. குலுக்கல் முறையில் 320 கிராமங்களுக்கு முதலிலும், 186 கிராமங்களுக்கு சுமார் ஒன்றரை ஆண்டு தாமதமாகவும் திட்டம் போனது. அந்த இடைவெளிதான் ஒப்பீட்டைச் சாத்தியமாக்கியது. ஒரு மாணவரால் அதைச் செய்ய முடியாது. ஒரே ஊரில் பணம் பெறுபவரையும் பெறாதவரையும் ஒப்பிட்டாலோ இன்னொரு சிக்கல் வரும். திட்டம் ஏழைகளைத் தேடித்தான் போகிறது. ஆகவே பெறுபவர்கள் தொடக்கத்திலேயே வேறு நிலையில் இருந்தவர்கள். அந்தப் பழைய வேறுபாடுகள் எல்லாம் உங்கள் அட்டவணையில் திட்டத்தின் விளைவாகத் தோன்றும். திட்டத்துக்குத் தகுதி பெற ஒரு மதிப்பெண் எல்லை இருந்து, எல்லைக்குச் சற்று மேலும் கீழும் இருக்கும் வீடுகளின் பட்டியலை அலுவலகம் தருமானால் அந்த இரு தரப்பையும் ஒப்பிடலாம். அந்தப் பட்டியல் மாணவர் கைக்கு வருவது அபூர்வம். வராவிட்டால் ‘தாக்கம்’ என்ற சொல்லையே தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

200 வீட்டின் கணக்கையும் பார்த்துவிடுவோம். பெறுபவர் 100, பெறாதவர் 100 என்று பிரித்தால், ஒரு விஷயத்தில் இரு குழுவும் ஐம்பது சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது, சுமார் 20 சதவீதப் புள்ளி வேறுபாடு இருந்தால்தான் அதை நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியும் (உண்மையான வேறுபாட்டைக் கண்டறியும் வாய்ப்பு 80 சதவீதம், இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 5 சதவீதம் என்ற வழக்கமான அளவுகோலில்). அதுவும் வீடுகளைத் தனித்தனியாகக் குலுக்கித் தேர்ந்தெடுத்தால். நீங்கள் அப்படிச் செய்யப் போவதில்லை. பத்து ஊர், ஊருக்கு இருபது வீடு என்றுதான் போவீர்கள். ஒரே ஊர் வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அதனால் இருபதாவது வீடு புதிதாகச் சொல்வது கொஞ்சம்தான். இதற்கு வடிவமைப்பு விளைவு என்று பெயர். ஊருக்கு எடுக்கும் வீடுகளில் ஒன்றைக் கழித்து, உள்ளொற்றுமைக் கெழுவால் (ஒரே ஊர் வீடுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதன் அளவு) பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். கெழு 0.05 என்றால், 19 பெருக்கல் 0.05 கூட்டல் 1, அதாவது 1.95. உங்கள் 200 வீடு உண்மையில் 103 வீட்டின் தகவலைத்தான் தரும். கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சிறிய வேறுபாடு 28 புள்ளிக்குப் போய்விடும். அவ்வளவு பெரிய மாற்றத்தைப் பெரும்பாலான பணத் திட்டங்களில் எதிர்பார்க்க முடியாது. முடிவில் ‘புள்ளியியல் ரீதியாக வேறுபாடு இல்லை’ என்று எழுதுவீர்கள். வாசிப்பவர் ‘திட்டம் பயனற்றது’ என்று புரிந்துகொள்வார். இரண்டும் ஒன்றல்ல. சிறு மாதிரியின் ஆபத்து இதுதான். ஒரு குறிப்பு: வீடுகளின் மொத்த எண்ணிக்கை மாறாதபோது, ஊர்களைக் கூட்டி ஊருக்கான வீடுகளைக் குறைப்பதே எப்போதும் லாபம். இருபது ஊர், ஊருக்குப் பத்து வீடு என்றால் விளைவு 1.45 ஆகிவிடும். ஆனால் பயணச் செலவு ஏறும்.

ஆகவே கேள்வியைச் செதுக்குங்கள். நான் பரிந்துரைப்பது இப்படி: ‘பணம் பெண்ணின் பெயரில் வரும்போது, அதைக் கையில் எடுப்பது யார், எந்தெந்தச் செலவுகளில் அவர் சொல் எடுபடுகிறது, எவற்றில் எடுபடுவதில்லை, ஏன்?’ இதற்கு ஆறு வாரத்தில் நேர்மையான பதில் எழுத முடியும். ஏற்கெனவே உள்ள ஆய்வுகளோடும் இது பேசும். கென்யாவில் நிபந்தனையற்ற பணப் பரிமாற்றம் பற்றி 2016-இல் வெளியான ஆய்வில், பணம் மனைவியிடம் தரப்பட்டதா கணவனிடம் தரப்பட்டதா என்பது பெரும்பாலான விளைவுகளில் பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. மலாவியின் சோம்பா மாவட்டத்தில் பள்ளிப் பெண்களிடையே நடந்து 2011-இல் வெளியான சோதனையில், பள்ளிக்குப் போனால்தான் பணம் என்ற நிபந்தனை இடைநிற்றலைக் குறைப்பதில் மேலாக இருந்தது. ஆனால் இளவயதுக் கர்ப்பமும் திருமணமும் நிபந்தனையில்லாத குழுவில்தான் அதிகம் குறைந்தன. பள்ளியை விட்டு நின்ற பெண்களுக்கும் பணம் தொடர்ந்து கிடைத்ததே காரணம். ‘பெண்ணிடம் கொடுத்தால் எல்லாம் சரியாகும்’ என்ற எளிய நம்பிக்கைக்கும் தரவுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில்தான் உங்கள் ஆய்வேட்டுக்கு வேலை இருக்கிறது.

களத்துக்குப் போகும் முன், இருக்கும் தரவைப் பயன்படுத்துங்கள். 1984 முதல் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்த மக்கள்தொகை சுகாதார ஆய்வுகள், யுனிசெப்பின் பல்குறியீட்டுக் கொத்து ஆய்வுகள், உலக வங்கியின் வாழ்க்கைத்தர அளவீட்டு ஆய்வுகள் ஆகிய மூன்றும் முதலில் பார்க்க வேண்டியவை. பதிவு செய்து, ஆய்வின் சுருக்கத்தைச் சொல்லி அனுமதி வாங்கினால் பெரும்பாலான கோப்புகள் இலவசம். மக்கள்தொகை சுகாதார ஆய்வுகள் அமெரிக்க அரசின் உதவி முகமை பணத்தில் நடந்துவந்தன. 2025 பிப்ரவரியில் அந்த நிதி நிறுத்தப்பட்டது. இந்தத் துறைக்கு நேர்ந்த பெரிய இழப்புகளில் ஒன்று இது. பல்பரிமாண வறுமைக் குறியீடு உட்பட எத்தனையோ கணக்குகள் இந்த ஆய்வுகளின் மேல்தான் நிற்கின்றன. பழைய சுற்றுகளின் கோப்புகளை இப்போதே முறையாகப் பெற்று, கேள்வித்தாளையும் கையேட்டையும் சேர்த்துச் சேமித்துவையுங்கள்.

மக்கள்தொகை சுகாதார ஆய்வுக் கோப்புகளில் மாணவர்கள் வழக்கமாக விழும் குழிகள் மூன்று. ஒன்று, எடை மாறி, அதாவது சராசரியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தர வேண்டிய பங்கைச் சொல்லும் எண். அது பத்து லட்சத்தால் பெருக்கிச் சேமிக்கப்பட்டிருக்கும்; வகுத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். எடையே போடாமல் சராசரி எடுத்தால், சிறிய மாகாணங்களிலிருந்து வேண்டுமென்றே கூடுதலாக எடுக்கப்பட்ட வீடுகள் நாட்டின் சராசரியை இழுத்துவிடும். இரண்டு, கொத்துகளின் (வீடுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறு பகுதிகளின்) புவியிடக் குறிப்பு. மக்களின் அடையாளத்தைக் காக்க அதை வேண்டுமென்றே நகர்த்தியிருப்பார்கள்: நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் 5 கிலோமீட்டர் வரை, கிராமக் கொத்துகளில் நூற்றில் ஒன்றை 10 கிலோமீட்டர் வரை. அதை வைத்து ‘வங்கிக் கிளை எவ்வளவு தூரம்’ என்று கிலோமீட்டர் கணக்கில் அளந்தால், அளப்பது பெரும்பாலும் பிழையைத்தான். மூன்று, விடுபட்ட பதில்கள். ‘தெரியாது’ என்பதற்கு 8 அல்லது 98 என்று குறியீடு இருக்கும். அதை நீக்காமல் சராசரி போட்டால், ஒரு வீட்டில் 98 வருடம் பள்ளிக்குப் போனவர் இருப்பார்.

உங்கள் தலைப்புக்கு உள்ள முக்கியமான கேள்வி இந்த ஆய்வுகளில் இப்படி இருக்கும்: உங்கள் மருத்துவம், பெரிய வீட்டுச் செலவுகள், உறவினரைப் பார்க்கப் போவது ஆகியவற்றை வழக்கமாக முடிவு செய்வது யார்? நீங்களா, கணவரா, இருவரும் சேர்ந்தா, வேறொருவரா? பல ஆய்வாளர்கள் ‘நான்’, ‘சேர்ந்து’ இரண்டையும் ஒன்றாக்கி ‘அதிகாரம் உண்டு’ என்று குறிப்பார்கள். இந்த ‘சேர்ந்து’ என்ற பதிலுக்குள் என்னென்ன இருக்கலாம் என்று பாருங்கள். இருவரும் பேசி ஒத்துப்போனது இருக்கலாம். கணவர் முடிவெடுத்து மனைவியிடம் தெரிவித்ததும் இருக்கலாம். மாமியார் சொன்னதை இருவரும் ஏற்றதும் இருக்கலாம். குடும்ப மானம் கருதிச் சொன்ன பதிலாகவும் இருக்கலாம். கணவன் மனைவி இருவரிடமும் தனித்தனியே ஒரே கேள்வியைக் கேட்டால் பதில்கள் பல வீடுகளில் பொருந்துவதில்லை. 2012-இல் வந்த வேளாண்மைப் பெண்கள் அதிகாரக் குறியீடு இதை ஓரளவு சரிசெய்ய முயன்றது. ஐந்து களங்கள், பத்து குறிகாட்டிகள். எடையிட்ட மதிப்பில் 80 சதவீதம் எட்டினால் அதிகாரம் பெற்றவர். ஒரே வீட்டின் ஆணையும் பெண்ணையும் தனித்தனியே கேட்கிறது என்பதே அதன் பெரிய பலம். ஆனால் அது விவசாய வீடுகளுக்காகச் செய்த கருவி. நகரக் குடிசைப் பகுதியில் அப்படியே போட முடியாது.

இந்த ‘சேர்ந்து’ என்ற பதிலைப் பிரித்துக் காட்டுவதுதான் உங்கள் களப்பணி. தேசியக் கோப்பிலிருந்து எந்தப் பகுதியில், எந்த வயதில் இந்தப் பதில் அதிகம் என்று ஓர் அத்தியாயம். பிறகு இரண்டு ஊர்களில் 25 முதல் 30 பெண்களுடன் நீண்ட நேர்காணல், அவர்களில் பாதிப்பேரின் கணவர்களுடன் தனி நேர்காணல், பணம் வழங்கும் முகவர்கள், வங்கி ஊழியர், திட்ட அலுவலர் என ஆறேழு பேர். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். மொழிபெயர்ப்பும் வேண்டுமானால் இன்னும் கூடும். 45 நேர்காணல் என்றாலே 200 மணி நேர மேசை வேலை. களத்திலேயே தினமும் மாலையில் தொடங்காவிட்டால், எழுதும் மாதங்களை அது தின்றுவிடும்.

கேட்கும் விதத்திலும் மாற்றம் வேண்டும். ‘யார் முடிவெடுப்பார்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கடைசியாகப் பணம் வந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தது எப்படித் தெரிந்தது? கைபேசி யாரிடம் இருந்தது? ரகசிய எண் யாருக்குத் தெரியும்? எடுக்கப் போனது யார்? முகவர் கழித்துக்கொண்டது எவ்வளவு? முதல் செலவு எது? எதற்காவது அவர் வேண்டாம் என்றாரா, பிறகு என்ன நடந்தது? நடந்ததைக் கேட்டால் நடந்தது வரும். வழக்கத்தைக் கேட்டால் ஊர் எதிர்பார்க்கும் பதில்தான் வரும். செலவுத் தொகைகளைக் கேட்கும்போது நினைவுக் காலம் ஒன்றாக இருக்கட்டும். உணவுக்கு 7 நாளா 30 நாளா என்று மாற்றினால் ஒரே வீட்டின் நுகர்வே மாறித் தெரியும். இந்தியாவில் 1999-2000 தேசிய மாதிரி ஆய்வு ஒரே வீட்டில் இரண்டு காலங்களுக்கும் கேட்டுவிட்டதால், அந்த ஆண்டின் வறுமை விகிதத்தை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடலாமா என்று பொருளியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாட வேண்டிவந்தது.

சிறு கேள்வித்தாள் ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். கைபேசியில் பதில்களைப் பதிய உதவும் ஓடிகே அல்லது கோபோடூல்பாக்ஸ் செயலி போதும். இரண்டும் இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். 45 நிமிடத்தைத் தாண்ட விடாதீர்கள். ஒருவர் மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு திருப்பி மொழிபெயர்க்கச் செய்து ஒப்பிடுங்கள். மாதிரியில் இல்லாத பத்துப் பதினைந்து பேரிடம் முன்சோதனை செய்து, பதில் சொன்னபின் ‘நான் கேட்டதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்’ என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி தாளில் பாதியை மாற்றிவிடும். வேறு கணக்கெடுப்பாளர்கள் உதவினால், ஆள் வாரியாகச் சராசரிகளை வாரம் ஒருமுறை பாருங்கள். ஒருவரிடம் மட்டும் ‘இல்லை’ அதிகமாக வந்தால், ‘ஆம்’ என்றால் திறக்கும் துணைக் கேள்விகளைத் தவிர்க்கிறார் என்று பொருளாக இருக்கலாம். பத்தில் ஒரு வீட்டுக்கு நீங்களே திரும்பப் போய், வயது, குழந்தைகள் எண்ணிக்கை போன்ற மாறாத விவரங்களை மட்டும் மறுபடி கேளுங்கள்.

வீட்டைத் தேர்ந்தெடுப்பதில் ‘நடந்துகொண்டே ஐந்தாவது வீடு’ முறை நூலில் அழகாக இருக்கும். நடைமுறையில் அது சாலையோர வீடுகளையும், பகலில் ஆள் இருக்கும் வீடுகளையும், நாய் இல்லாத வீடுகளையும்தான் பிடிக்கும். கூலிக்குப் போன பெண் மாலைதான் வருவாள். உங்கள் கேள்விக்கு முக்கியமானவளே அவள்தான். முதல் இரண்டு நாளில் ஊரின் எல்லா வீடுகளையும் பட்டியலிட்டு, அதிலிருந்து குலுக்கி எடுங்கள். பூட்டியிருந்தால் வெவ்வேறு நேரங்களில் மூன்று முறை போய்ப் பார்த்த பிறகே மாற்று வீடு. மழைக்காலத்துக்கு முந்தைய பற்றாக்குறை மாதங்களும் அறுவடைக்குப் பிந்தைய மாதங்களும் ஒரே வீட்டை இரு வீடுகளாகக் காட்டும் என்பதையும் எழுதுங்கள்.

அனுமதி விஷயத்தில் தாமதிக்காதீர்கள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒன்று. களம் இருக்கும் நாட்டின் அனுமதி இன்னொன்று. கென்யாவில் நாகோஸ்டி, தான்சானியாவில் காஸ்டெக், உகாண்டாவில் தேசிய அறிவியல் தொழில்நுட்ப மன்றம் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணமும் படிவமும் உண்டு. சுற்றுலா விசாவில் போய் நேர்காணல் எடுத்தால், உங்களைவிட உங்களுக்கு உதவிய உள்ளூர்க்காரர்தான் முதலில் மாட்டுவார். ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்குவது எல்லா இடத்திலும் பாதுகாப்பு அல்ல. நில ஆவணத்திலும் கடன் பத்திரத்திலும் ஏமாந்த ஊரில் கையெழுத்து அச்சமூட்டும்; அங்கே வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவு செய்யக் குழுவிடம் முன்கூட்டியே கேளுங்கள். பங்கேற்பதால் திட்டப்பணம் கூடவோ குறையவோ செய்யாது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால், நீங்கள் தகுதி சரிபார்க்க வந்த அதிகாரி என்று நினைத்து வருமானத்தைக் குறைத்தே சொல்வார்கள். கணவன் மனைவி இருவரையும் கேட்கும் ஆய்வில், ஒருவர் சொன்னது மற்றவர் காதுக்கு ஒருபோதும் போகக்கூடாது. வன்முறை பற்றிப் பேச்சு வந்தால் எங்கே அனுப்புவது என்ற தகவல் கையில் இல்லாமல் களத்தில் இறங்காதீர்கள்.

எழுதும்போது வரும் பிழைகளில் அதிகம் தெரிவது வறுமைக்கோடு. உலக வங்கியின் கோடு 2015-இல் நாளுக்கு 1.90 டாலர், 2022-இல் 2.15, 2025 ஜூனில் 3.00. இவை முறையே 2011, 2017, 2021 ஆண்டுகளின் வாங்கும் திறன் விலைகளில், அதாவது நாடுகளுக்கிடையே உள்ள விலை வேறுபாட்டைச் சமன்செய்த டாலரில் உள்ளவை. ஒரு கட்டுரையிலிருந்து 1.90 கணக்கையும் இன்னொன்றிலிருந்து 3.00 கணக்கையும் எடுத்து ‘வறுமை கூடியது’ என்று எழுதிவிடாதீர்கள். சந்தை மாற்று விகிதத்தில் உள்ளூர்ப் பணமாக மாற்றுவதும் தவறு. கானா 2010-இல் தன் தேசிய வருமானக் கணக்கின் அடிப்படை ஆண்டை மாற்றியபோது அதன் பொருளாதாரம் ஒரே நாளில் சுமார் 60 சதவீதம் பெரிதானது. நைஜீரியா 2014-இல் 89 சதவீதம். மக்கள் வாழ்வில் அன்று எதுவும் மாறவில்லை. நாடுகளுக்கிடையே தலா வருமானத்தை ஒப்பிடும் எந்த அட்டவணையின் கீழும் அடிப்படை ஆண்டை எழுதுங்கள்.

மொழிபெயர்த்தவர், ஊரை அறிமுகப்படுத்தியவர் ஆகியோரின் உழைப்பை முறையியல் அத்தியாயத்திலேயே எழுதுங்கள். நன்றியுரையில் ஒரு வரி போதாது. எந்தக் கேள்வியை எப்படி மாற்றச் சொன்னார்கள் என்பது தரவின் பகுதி. பெயர் வெளியிடுவதை அவர்கள் விரும்புகிறார்களா என்று முதலில் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவின் பழங்குடியினரான சான் மக்கள் 2017-இல் தங்களுக்கென ஆய்வு நெறிமுறை வகுத்தார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை என்று அதில் கேட்கப்படுபவற்றில், ஆய்வாளர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றித் திரும்பி வந்து முடிவைச் சொல்ல வேண்டும் என்பதும் அடங்கும். ஆறு வாரத்தில் கடைசி மூன்று நாளை அதற்கு ஒதுக்குங்கள். ஊர்க் கூட்டத்தில் பொதுவான முடிவுகளை மட்டும் சொல்லுங்கள், யார் வீட்டையும் அடையாளம் காட்டும் எதையும் சொல்லாதீர்கள். பெயர்ப் பட்டியலையும் நேர்காணல் எண்ணையும் இணைக்கும் கோப்பைத் தனியாகக் கடவுச்சொல்லிட்டு வைத்து, ஆய்வேடு ஏற்கப்பட்டபின் நெறிமுறைக் குழுவிடம் சொன்ன தேதியில் அழித்துவிடுங்கள்.